ஏழாம் சாட்சியின் நாலு பத்து

அலுவலகத்தில் அவளுக்கு மைக்காரி என்று பெயர். வைத்தவர் பிரிவு எழுத்தர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு: கமா. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் எங்கோ ஒரு கமா குறைகிறது என்று திருப்பி அனுப்பும் மனிதர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தையும் எந்தத் தவறிலும் சிக்காமல் கடத்திவிட வேண்டும் என்பது ஒன்றே அவருடைய வாழ்க்கை லட்சியம்.

மைக்காரி என்று பெயர்தானே தவிர, அவள் கையில் மை பட்டதே இல்லை. எல்லாம் கணினி வேலை. மூன்றாம் மாடியில், நடைபாதையின் கடைசி அறை. திறக்க முடியாத ஒரு ஜன்னல், பூட்டினால் திறக்காத, திறந்தால் பூட்டாத ஒரு இரும்பு அலமாரி, இரண்டு கணினி, ஒரு ஸ்கேனர். அங்கே உட்கார்ந்து அவள் பெயர்களை மறைத்தாள். சுட்டியை ஒரு வரியின் மேல் இழுத்தால் கறுப்புப் பட்டை விழும். அதற்குள் போன பெயர் போனதுதான்.

ஆணையத்தின் வேலை, வியாபாரிகள் நேர்மையாகப் போட்டி போடுகிறார்களா, பெரியவன் சின்னவன் கழுத்தில் கால் வைக்கிறானா என்று பார்ப்பது. இந்த முறை பெரியவன் மிகப் பெரியவன். உலகத்தில் பாதி நாடுகளில் கடை விரித்திருந்த வெளிநாட்டுக் கம்பெனி. கடை என்றால் கட்டடம் இல்லை, கைபேசியில் ஒரு செயலி. ஊசியிலிருந்து அலமாரி வரை எல்லாவற்றையும் அதில் யாரோ விற்கிறார்கள், யாரோ வாங்குகிறார்கள். எதை முதல் பக்கத்தில் காட்டுவது, எதைப் பத்தாம் பக்கத்தில் புதைப்பது என்பதை மட்டும் கம்பெனி முடிவு செய்கிறது. அந்த முடிவில் வஞ்சகம் இருக்கிறது என்பது புகார். இதே கேள்வியை வேறு மூன்று நாட்டு அரசுகளும் இதே கம்பெனியிடம் கேட்டிருந்தன. அந்த அறிக்கைகளையெல்லாம் அவள் படித்துப் பார்த்தாள். கம்பெனி என்ன சொன்னது, அரசு என்ன சொன்னது என்று பக்கம் பக்கமாக இருந்தது. சாட்சி சொன்ன சின்ன வியாபாரிகள் பிறகு என்ன ஆனார்கள் என்று ஒரு வரி இல்லை.

இங்கே பதினோரு வியாபாரிகள் சாட்சி சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: பெயர் வெளியே வரக் கூடாது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சாட்சியம் என்னவென்று பார்க்க உரிமை உண்டு. அதனால் ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் இரண்டு நகல். முழு நகல் ஆணையத்தின் பெட்டியில் இருக்கும், விசாரிக்கிறவர்கள் மட்டும் பார்ப்பார்கள். கறுப்பு நகல் கம்பெனியின் வக்கீல்களுக்குப் போகும். கறுப்பு நகல் செய்வதுதான் மைக்காரியின் வேலை.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலைம்மா இது," என்பார் கமா. "ஆனா கவர்மென்ட் சோறு. அளவா இருக்கும். பாத்து மறைக்கணும்."

அவள் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா லாரி ஓட்டுகிறவர், அம்மா தையல். மகளுக்கு அரசு அலுவலகத்தில் வேலை என்று தெரு முழுக்கத் தெரியும், என்ன வேலை என்று ஒருவருக்கும் தெரியாது. "ரகசியமான வேலையாம், வீட்லயே சொல்ல மாட்டேங்கிறா," என்று அம்மா பக்கத்து வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். வேலை நிரந்தரம் இல்லை, பதினோரு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும் ஒப்பந்தம் என்பதை அம்மா சொல்வதில்லை. எழுதக் கற்றுக்கொள்ள மூன்று தலைமுறை காத்திருந்த குடும்பத்திலிருந்து வந்து, மற்றவர் எழுதியதை அழிக்கிற வேலையில் உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்குச் சில நாள் தோன்றும். பிறகு, அழிப்பதையாவது ஒழுங்காக அழிப்போம் என்று தேற்றிக்கொள்வாள்.

ஒழுங்காகத்தான் அழித்தாள். மேலே பட்டை போட்டுவிட்டு அப்படியே அனுப்பினால் சில கணினிகளில் அடியில் இருக்கும் எழுத்தை நகலெடுத்துவிடலாம். அவளுக்கு முன்னால் இருந்தவன் அப்படி மாட்டித்தான் வேலையை விட்டுப் போனான். அதனால் அவள் கறுப்பு அடித்ததை அச்செடுத்து, அந்தத் தாளை மறுபடி ஸ்கேன் செய்து, அதைத்தான் அனுப்புவாள். கறுப்புக்கு அடியில் எழுத்து உயிரோடு இருக்கக் கூடாது. அது அவளே வகுத்த விதி. அந்த விதியில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஏழாம் சாட்சி வந்த நாளில் அந்தக் கர்வம்தான் பேசியது.

அவர் குக்கர் மூடிக்குப் போடும் ரப்பர் வளையம் செய்கிறவர். ஐம்பது வயது இருக்கும். ஒரு வளையத்தை மாதிரிக்காகக் கொண்டுவந்தவர், வைக்க இடம் தெரியாமல் வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டே பேசினார். ஜன்னல் பக்கம் உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். மூன்றாம் மாடியில் யார் வந்து எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க பொருளுக்கு என்ன ஆச்சு, உங்க வாயாலயே சொல்லுங்க," என்றாள், தட்டச்சு செய்யத் தயாராக.

"எங்க சொந்த வெப்சைட்ல இதே வளையத்தைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டேம்மா. அவங்களுக்குத் தர்ற பங்கு அதுல இல்ல பாருங்க, அதனால குறைச்சேன். அதுக்குப் பத்தாவது நாள், போன மாசம் செவ்வாய்க்கிழமை, பதினொண்ணாம் தேதி, சாயங்காலம் நாலு பத்து. அதுவரைக்கும் முதல் பக்கத்துல மூணாவதா இருந்தேன். நாலு பத்துக்குப் பாத்தா ஒன்பதாம் பக்கம்."

"நேரம் எப்படி இவ்வளவு சரியா ஞாபகம் இருக்கு?"

"வீடு தீப்பிடிச்ச நேரம் மறக்குமா? அன்னிக்கு வரைக்கும் நாளைக்கு இருநூத்து முப்பத்தாறு ஆர்டர் வரும். மறுநாள் பத்தொன்பது. அப்புறம் விலையைத் திரும்ப ஏத்திட்டேன். இப்ப மூணாம் பக்கத்துல கிடக்கிறேன். அதையும் பிடுங்கிட்டா பதினாலு பேர் வீட்டுக்குப் போகணும்."

சொல்லி முடித்து எழுந்தவர், கதவருகே நின்றார். "என் பேரு வெளிய தெரியாதுல்ல, பாப்பா?"

அவள் அவரைத் திரும்பக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். அவர் பெயரைத் தட்டினாள். மேலே பட்டையை இழுத்தாள். "இதுக்கப்புறம் கடவுளே வந்தாலும் படிக்க முடியாது சார்."

அவர் அந்தக் கறுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கழற்ற மறந்து, வளையத்தோடேயே படியிறங்கிப் போனார்.

பதினோரு வாக்குமூலம், அறுபத்து நாலு பக்கம். வெள்ளிக்கிழமை மாலை எல்லாம் முடிந்தது. பெயர், கடைப்பெயர், முகவரி, கைபேசி எண், ஊர், எல்லாம் கறுப்பு. கமா ஒரு முறை புரட்டிப் பார்த்து, இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு கமா சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். திங்கள்கிழமை பதினோரு மணிக்கு வக்கீல்கள் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

திங்கள் காலை ஏழு மணிக்குத் தம்பி வேலை முடிந்து வந்தான். அவன் வேலை பார்ப்பது அதே கம்பெனியின் கிடங்கில். ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை, அதனால் வீட்டில் அதை யாரும் வினோதமாக நினைக்கவில்லை. கிடங்கில் நடப்பதை அக்காவிடம் சொல்லக் கூடாது என்று அவனுக்கும், அலுவலகத்தில் நடப்பதைத் தம்பியிடம் சொல்லக் கூடாது என்று அவளுக்கும் ஒரு ஒப்பந்தம். அவன் அதை ரொட்டி தின்னும்போது மறந்துவிடுவான்.

"கால் கழண்டு போச்சுக்கா. ஒருத்தனோட சரக்கு முழுக்க முன் அலமாரியில இருந்து எடுத்துப் பின்னாடி போடச் சொல்லிட்டாங்க."

"யாரோட சரக்கு?"

"யாருக்குத் தெரியும்? எங்களுக்குப் பேரே கிடையாது. நம்பர்தான். இந்த நம்பரை இத்தனை மணி இத்தனை நிமிஷத்துக்கு இறக்கு, முடிஞ்சுது." தேநீரை ஊதினான். "பேரை வச்சு யாரையாவது தேடுனா சிஸ்டம் திருதிருன்னு முழிக்கும். நேரத்தைச் சொல்லிப் பாரு, ஒரு நொடியில ஆளைக் காட்டிரும்."

"நேரத்தைச் சொன்னாவா?"

"ஆமா. ஒரு நாளைக்கு அந்த நிமிஷத்துல எத்தனை பொருளை இறக்கியிருப்பாங்க? பத்து? இருபது? அதுல பாதி செருப்பா இருக்கும்."

அவன் சிரித்தான். அவள் கையிலிருந்த ரொட்டி கையிலேயே இருந்தது.

செவ்வாய்க்கிழமை. பதினொன்றாம் தேதி. மாலை நாலு பத்து. முதல் பக்கத்திலிருந்து ஒன்பதாம் பக்கம். இருநூற்று முப்பத்தாறு. பத்தொன்பது. இதில் ஒன்றின் மேல்கூட அவள் கறுப்பு அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மனிதர்கள் ஒருவரை ஒருவர் பெயரால் அறிகிறார்கள், அதனால் பெயரை மறைத்தால் ஆளை மறைத்ததாக ஆகும் என்று நினைத்துவிட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருட்டிவிட்டது என்று நினைக்குமாமே, அந்தக் கதை. அந்தக் கம்பெனிக்கு ரப்பர் வளையக்காரரின் பெயர் எதற்கு? அவரை அது ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உட்காந்திருக்க?" என்றாள் அம்மா.

"நேரமாச்சு."

"ஏழரைதானே ஆகுது."

அதற்குள் அவள் செருப்பை மாட்டியிருந்தாள்.

பேருந்தில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வண்டி மெதுவாகப் போகும் போலிருந்தது. கமாவிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தாள். ஒப்பந்தம் முடிய ஐந்து வாரம் இருந்தது. சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தாள். ஒன்றும் ஆகாது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. யாருக்கும் தெரியப் போவதில்லை. விதிப்படி பெயர் மறைத்தாயிற்று, மேலே கமாவின் கையெழுத்து இருக்கிறது. என்றோ ஒரு நாள் ரப்பர் வளையம் மூன்றாம் பக்கத்திலிருந்து முப்பதாம் பக்கத்துக்குப் போகும். அதற்குக் காரணம் மூன்றாம் மாடியின் கடைசி அறை என்று நிரூபிக்க யாராலும் முடியாது. வாய் மூடியிருந்தால் வேலை இருக்கும். இப்படிக் கணக்குப் போடுகிற புத்தியைத்தான் கல்லூரி கொடுத்ததா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது.

கமா எட்டரைக்கே வந்து நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை துணியைக் கீழே வைக்கவில்லை.

"விதியில என்ன இருக்கு?" என்றார் கடைசியில். "பெயர், முகவரி, அடையாளம் காட்டும் விவரங்கள்."

"நேரம் அடையாளம் காட்டும் சார்."

"யாருக்குக் காட்டும்? எனக்குக் காட்டுதா? உனக்குக் காட்டுதா?"

"அவங்களுக்குக் காட்டும் சார். நாம யாருக்கு மறைக்கிறோம்?"

கமா நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அறுபத்து நாலு பக்கத்தையும் தானும் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்த மாதிரி, தன் வலது கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "ரெண்டு வருஷம்," என்றார். "ரெண்டே ரெண்டு வருஷம் பொறுக்கக் கூடாதாம்மா உனக்கு?"

திட்டவில்லை. எழுந்து அவளோடு துணை இயக்குநரின் அறைக்கு நடந்தார். பாதி வழியில் ஒரு முறை நின்றார். திரும்பிவிடுவார் என்று அவள் நினைத்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தார்.

துணை இயக்குநர் அதிகம் பேசாத அம்மாள். கேட்டுவிட்டு ஏழாம் வாக்குமூலத்தை எடுத்து ஒரு முறை படித்தார். பென்சிலால் ஒவ்வொரு எண்ணின் அடியிலும் கோடு போட்டார். கோடுகள் ஏறிக்கொண்டே போனதை மைக்காரி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாத்தையும் எடுத்துட்டா என்ன மிச்சம்? 'ஒரு நாள் எனக்கு வியாபாரம் குறைஞ்சுது'. இதுக்கு அவங்க வக்கீல் என்ன சொல்வார் தெரியுமா? மழை பெஞ்சிருக்கும்னு சொல்வார்."

"முழு நகல்ல எல்லாம் இருக்கும் மேடம்."

"இருக்கும். ஆனா அவங்க பதில் சொல்ற அளவுக்காவது இதுலயும் இருக்கணும். இல்லாட்டி நகல் செல்லாதுன்னு கோர்ட்டுக்குப் போவாங்க, மொத்த வழக்கும் நிக்கும்." பென்சிலை வைத்தார். "தேதியை அரை மாசமாக்குங்க. எண்ணை இத்தனையிலேருந்து இத்தனைன்னு ஆக்குங்க. நேரம் வேண்டாம். பதினோரு பேருக்கும். அதுக்கு முன்னாடி ஏழாவது ஆள்கிட்ட பேசிடுங்க. அவர் சொன்னதை அவரைக் கேக்காம மாத்தக் கூடாது. வக்கீல்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

பேச வேண்டியவள் அவள்தான். அலுவலகத் தொலைபேசியில் எண்ணை அழுத்தும்போது விரல் இரண்டு முறை தவறியது.

"யாரு?" என்றது குரல். பின்னால் இயந்திரச் சத்தம்.

"நான்... மூணாம் மாடியிலேருந்து பேசுறேன் சார்."

சத்தம் நின்றது. எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. "பேரு எதுவும் சொல்லாதீங்க."

"சொல்லல சார். நீங்க சொன்ன தேதியும் நேரமும் இருக்கு பாருங்க, அதை மங்கலாக்கணும். பேர் இல்லாட்டியும் அதை வச்சுக் கண்டுபிடிச்சிடலாம்."

"அந்த நேரம்தாம்மா எனக்கு உயிரு. அதை எடுத்துட்டா நான் எதை வச்சு நிரூபிக்கிறது?"

"விசாரிக்கிறவங்களுக்கு முழுசாப் போகும் சார். வக்கீல்களுக்குப் போறதுல மட்டும்தான் எடுக்கிறோம்." ஒரு கணம் தயங்கிக் கேட்டாள். "நாலு பத்துங்கிறது வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"என் பொண்டாட்டிக்குத் தெரியும்," என்றவர் தானே சேர்த்தார்: "அப்புறம் அவங்களுக்குத் தெரியும்."

பிறகு அவர், "போயிடுச்சா?" என்றார். வெறும் ஒரு சொல். அதில் கோபம்கூட இல்லை.

"இல்ல சார். இன்னும் என் கையிலதான் இருக்கு."

"கடவுளே வந்தாலும் படிக்க முடியாதுன்னீங்க."

"தப்பாச் சொல்லிட்டேன் சார்."

"எடுத்துடுங்க," என்றார். "நல்லாப் பாத்து எடுங்க பாப்பா." தொலைபேசி வைக்கப்பட்டது.

அவள் உட்கார்ந்தபோது மணி ஒன்பதரை. பத்தரைக்கே வக்கீல்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அறைக் கதவில் இருந்த கண்ணாடித் துண்டு வழியாக, நடைபாதை நாற்காலியில் இருந்தவரின் காலணி மட்டும் தெரிந்தது. பளபளவென்று, அசையாமல். பக்கத்துக்குப் பக்கம் அவள் தேடிக்கொண்டே போனாள். இரண்டாம் சாட்சி, தன் பையின் நிறங்கள் ஐந்தையும் வரிசையாகச் சொல்லியிருந்தாள். ஐந்தாம் சாட்சி, மகன் கல்யாணத்துக்காக நான்கு நாள் கடையை மூடியதைச் சொல்லியிருந்தார். அந்த நான்கு நாளும் கம்பெனியிடம் இருக்கும். ஒன்றை மறைத்தால் அடுத்தது முழித்துக்கொண்டு நின்றது. வெள்ளிக்கிழமை இதே பக்கங்களைப் பார்த்தபோது எல்லாம் வெறும் எழுத்தாக இருந்தது; இன்று ஒவ்வொரு எண்ணும் ஒரு முகமாகத் தெரிந்தது. பக்கத்துக் கணினியில் கமா உட்கார்ந்து ஸ்கேன் செய்தார். எங்கேயும் கமா குறைகிறதென்று ஒரு சொல் சொல்லவில்லை.

கதவு லேசாகத் திறந்தது. வக்கீல்களில் இளையவர். "தாமதமாகுதுன்னு சொன்னாங்க. எந்த வாக்குமூலத்துல பிரச்சினை?"

சாதாரணக் கேள்வி. புன்னகையோடுதான் கேட்டார். 'ஏழு' என்று சொன்னால் போதும், மீதியை அவர்கள் தேடிக்கொள்வார்கள்.

"பக்க எண் எல்லாமே தப்பு சார்," என்றார் கமா, திரும்பாமல். "என் தப்புதான். கமா போட்ட இடத்துல எல்லாம் பக்கம் தள்ளிப்போச்சு."

இளையவர் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். கமாவின் கழுத்தில் வியர்வை வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்கியதை அவள் பார்த்தாள்.

ஒன்றே காலுக்குக் கறுப்பு நகல் போயிற்று. 'அந்த மாதத்தின் முதல் பாதியில்', 'இருநூறு முதல் நானூறு வரை', 'பின் பக்கங்களுக்கு'. தேதி பதினேழு என்று போட்டு வாங்கியவர் கையெழுத்திட்டார். துணை இயக்குநர் அவளைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. "அடுத்த தடவை நீங்க விதியைப் படிக்காதீங்க. அவங்க எப்படிப் படிப்பாங்கன்னு படிங்க," என்றார். அவ்வளவுதான்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். பயம் முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் கைபேசியில் அந்தச் செயலியைத் திறந்தாள். குக்கர் ரப்பர் வளையம் என்று தேடினாள். மூன்றாம் பக்கம், கீழிருந்து இரண்டாவது. அவர் கடைப்பெயர் அச்சிட்ட நீல நிறப் பாக்கெட். இருக்கிறது. மூச்சு விட்டாள். மறுநாள் காலை மறுபடி பார்த்தாள். இருக்கிறது. பேருந்தில் பார்த்தாள், மதியம் பார்த்தாள். ஒரு நாள் ஓர் இடம் கீழே இறங்கியிருந்தது. அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பழைய இடத்துக்கு வந்ததும்தான் பசித்தது. மாத்திரை போடுவது மாதிரி ஆகிவிட்டது, பார்த்தால்தான் அடுத்த வேலை ஓடும். பதினோரு நாள் இப்படிப் போயிற்று.

பதினோராம் நாள் காலை தம்பி வேலையிலிருந்து வந்து, நாற்காலியில் சரிந்து, கைபேசியைப் பார்த்தபடி சொன்னான்: "நம்ம வீட்டுல யாருக்குக்கா குக்கர் வளையம் மேல இவ்வளவு காதல்?"

"ஏன்?"

"என் போன்ல ஒரு வாரமா குக்கர் வளையமா வருது. நான் ஷூ தேடுறேன், இவன் வளையம் காட்டுறான். அப்பா போன்லயும் வருதாம், லாரி டயர் விளம்பரத்துக்கு நடுவுல. ஒரே வைஃபைதானே. இந்த வீட்டுல எவனோ உட்காந்து வளையமா தேடுறான்னு அதுக்குத் தெரியுது."

அவள் தன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தச் செயலியில் அவள் கணக்கு அவள் பெயரில் இருந்தது. போன வருடம் ஒரு சாப்பாட்டு டப்பா வாங்கினாள். பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்று அலுவலக முகவரிக்கு அனுப்பச் சொன்னாள். ஆணையம், மூன்றாம் மாடி. அந்த முகவரி இன்னும் அதில் இருக்கிறது. அந்த முகவரிக்காரி, கறுப்பு நகல் கொடுத்த அன்று மாலையிலிருந்து, நாளைக்கு ஏழெட்டு முறை, ஆயிரம் வளையங்களில் ஒரே ஒரு நீலப் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறாள், வாங்குவதில்லை.

நாலு பத்தை மறைத்துவிட்டு, இத்தனை நாளும் அவளே விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

செயலியை அழித்துவிடலாம் என்று விரலை வைத்தாள், எடுத்துவிட்டாள். பதினோரு நாள் பார்த்தவள் பன்னிரண்டாம் நாள் அழித்துவிட்டுப் போனால் அதுவும் ஒரு செய்திதானே? பார்த்தாலும் சொல்கிறது, பார்க்காவிட்டாலும் சொல்கிறது. யாரும் கவனிக்காமலும் இருக்கலாம். கோடிக்கணக்கான ஆட்கள் தேடுகிற இடத்தில் ஒருத்தியின் தேடல் யாருக்கு வேண்டும்? அப்படித்தான் பெயரை மறைத்தபோதும் நினைத்தாள்.

அலுவலகம் போனதும் நேராகத் துணை இயக்குநரிடம் இதையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். இரண்டாவது முறை. ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வாரம்தான். அதைப் பற்றி நினைக்கும்போது அவ்வளவாகப் பயம் வரவில்லை என்பதைக் கவனித்தாள். எல்லாப் பயமும் ஏற்கெனவே வேறு இடத்தில் செலவாகிவிட்டிருந்தது.

ஆனால் இப்போது வளையக்காரர் எப்படி இருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூப்பிடக் கூடாது. தேடக் கூடாது. தெருமுனையில் பாத்திரக் கடை இருப்பது நினைவுக்கு வந்தது. கைபேசியை மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையாக நடந்தாள். கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"குக்கர் வளையம் இருக்கா? நீலப் பாக்கெட்."

"எத்தனை லிட்டர்?"

"எதுவானாலும் சரி."

அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். "எதுவானாலும் சரின்னா எப்படிம்மா? மூடி என்ன பண்ணும்?"

"அஞ்சு."

ஆணியில் தொங்கிய கொத்திலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். நீலப் பாக்கெட். வளையக்காரருடையதுதான். "இது எப்ப வந்த சரக்கு?" என்று கேட்டாள். "புதுசுதான், ரப்பர் கெட்டுப்போற சாமானா?" என்றார் கடைக்காரர். அவள் பாக்கெட்டைத் திருப்பி அடியில் அச்சிட்டிருந்த தேதியைப் பார்த்தாள். பதினைந்து. கறுப்பு நகல் போனது பதினேழு. இரண்டு நாள் முந்திச் செய்தது. அதற்குப் பிறகு அந்த இயந்திரம் ஓடுகிறதா இல்லையா என்று இந்த வளையத்துக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து சமையலறை மேடையில் வைத்தாள். அம்மா எடுத்துப் பார்த்தாள். "பழசு நல்லாத்தானே இருக்கு? இதை யாரு வாங்கச் சொன்னது?"

அவள் வளையத்தை வெளியே எடுத்துக் கொடுத்தாள். பாக்கெட்டை வைத்துக்கொண்டாள். அம்மா தையலுக்குத் துணியில் குறி போடும் கறுப்புப் பேனா அருகில் கிடந்தது. மூடியைக் கழற்றி, பாக்கெட்டில் இருந்த கடைப்பெயரின் மேல் இழுத்தாள். முகவரியின் மேல் இழுத்தாள். கைபேசி எண்ணின் மேல். பிறகு தேதி தெரிந்தது, அதன் மேலும். அதற்குக் கீழே ஏதோ ஒரு வரிசை எண். அளவு. நிறம். பேனா கசிந்து விரலெல்லாம் மை.

"எதுக்குடி அதைப் போட்டுக் கறுப்படிக்கிற?" என்றாள் அம்மா. "குப்பைக்குத்தானே போகுது."

"குப்பையையும் யாராவது பாப்பாங்கம்மா," என்றாள். பாக்கெட்டில் நீலம் தெரிந்த கடைசி இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.